ஆறாம் பாரம்

நெடுங்கரையில் கும்பப்பூ நெல் நடவு முடிந்த மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவ எழுந்த மாமனாரிடம் வடிவாம்பாள் சொன்னாள்.

"மாமா, நான் கோட்டாத்துல படிக்கப் போலாம்னு இருக்கேன்."

கைலாசநாத பிள்ளை முற்றத்து ஓரத்தில் நின்று கை கழுவினார். வாய் கொப்பளித்தார். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். வடிவாம்பாள் எச்சில் இலையை எடுத்துப் போட்டு, இடத்தைத் துடைத்து, தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான். ஒருவர் சொன்னதற்கு மற்றவரிடமிருந்து பதில் வர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். வராமலும் போகும்.

மாமியார் பார்வதியம்மாள் இருந்தவரை வீட்டில் சத்தம் இருந்தது. அவள் ஒரு கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு மகன் தாணுமாலயன் சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவது குறைந்தது. திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீசில் அவன் கிளார்க். முதலில் ஆபீசில் வேலை அதிகம் என்றான். பிறகு உடம்பு சரியில்லை என்றான். பிறகு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கேஸ் விஷயமாகத் திருவனந்தபுரம் போய்வந்த தேரூர்க்காரர் ஒருவர்தான் வந்து சொன்னார். கரமனையில் அவன் வீட்டில் நெய்யாற்றின்கரைக்காரி ஒருத்தி இருக்கிறாள். வயிற்றில் பிள்ளையும் இருக்கிறது.

அதைக் கேட்டுக்கொண்டு கைலாசநாத பிள்ளை வயலுக்குப் போனார். திரும்பி வந்து குளித்தார், சாப்பிட்டார். "இனி அவன் பேரு இந்த வீட்டுல கேக்கப்பிடாது" என்றார். அந்த ஒரு பேரோடு வேறு பல பேச்சுகளும் நின்றுபோயின.

பூதப்பாண்டியிலிருந்து அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வடிவாம்பாளைக் கூட்டிப் போனான். அங்கே அண்ணிக்காரி ஒவ்வொரு வேளையும் "போதுமா, போதுமா" என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறினாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வடிவாம்பாள் நெடுங்கரைக்கே வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று மாமனார் கேட்கவில்லை, வந்தது நல்லது என்றும் சொல்லவில்லை. அவள் அடுக்களைக்குள் போய்த் தீ மூட்டினாள். களைபறிக்கும் பெண்களை மேய்த்தாள், நெல் அவித்தாள், பத்தாயத்து நெல்லைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷம் போயிற்று.

படிக்கப் போகிறேன் என்று சொன்னதற்கு மறுநாள் காலையில் பதில் வந்தது. பயறும் தேங்காய்த் துவையலும் வைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தப் படிக்கப் போற?"

"விட்ட படிப்புதான் மாமா. ஆறாம் பாரம் பாதியில கல்யாணம் வந்துட்டுல்லா. இப்பம் பள்ளிக்கூடம் போகாமலே பிரைவெட்டா எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாமாம். அதுக்குச் சாயங்காலம் வகுப்பு நடக்கு."

"எழுதி?"

"பாசானா வாத்திச்சி வேலைக்கிப் படிக்கலாம்."

"ஆம்பிளேளும் இருப்பானுவளா?"

"இருப்பாங்க."

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். "திரும்பி வரும்ப இருட்டிரும்."

"சுசீந்திரத்துல எறங்கி வரப்பு வழியா வந்துருவேன்."

"அது கொள்ளாது."

அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். கஞ்சிக் கும்பாவை எடுக்கக் குனிந்தபோது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பஸ்ஸுகிட்ட நிப்பேன்."

கோட்டாற்றில் ஒரு கொப்பரைக் கடையின் மேல்மாடியில் வகுப்பு நடந்தது. மரப்படி ஏறிப் போக வேண்டும். கீழே கொப்பரை எடை போடுகிறவரின் குரல் ராகமாக மேலே வரும். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சேலையில் எண்ணெய்க் காறல் மணம் இருக்கும். எங்கோ மூடிப்போன ஆரம்பப் பள்ளியிலிருந்து வாங்கி வந்த பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அவற்றில் உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு முழங்கால் நெஞ்சு வரைக்கும் வரும். கோர்ட்டில் சேவகராக இருக்கும் முத்துநாயகம் என்பவருக்குப் பேரப்பிள்ளை உண்டு. உத்தியோக உயர்வுக்காகப் படிக்க வந்து, கணக்கு வகுப்பில் தவறாமல் உறங்குவார்.

பாடம் எடுத்தவர் இஸ்ரவேல் சார். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்ப் பள்ளிக்கூட வேலையை இழந்தவர். மெலிந்த உடம்பு. யாரையும் அதட்ட மாட்டார். தப்பாகச் சொன்னால், "இன்னொருக்க பாப்பமா" என்பார்.

முதல் நாளே வடிவாம்பாளைக் கரும்பலகை முன்னால் கூப்பிட்டார். இங்கிலீஷ் மெல்லத் திரும்பி வந்தது. அல்ஜீப்ராதான் வரவில்லை. முப்பத்தொரு வயதில், முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருக்க, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இடத்துக்கு நடந்துவருவது பெரிய தூரமாக இருந்தது.

பெண்கள் பெஞ்சில் அவளைத் தவிர மரியஜான் மட்டும்தான். கடியப்பட்டணத்துக்காரி, அப்பனும் அண்ணன்மாரும் கடலில் தொழில் செய்கிறவர்கள். நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தங்கி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை பார்த்தாள்.

"நர்சுக்குப் படிக்கணும்க்கா" என்றாள் மரியஜான். "ரத்தத்தக் கழுவிவிட எஸ்.எஸ்.எல்.சி. வேண்டாமாம். கட்டுக் கட்டுகதுக்குத்தான் வேணுமாம்."

வடிவாம்பாள் சிரித்தாள். அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்ததால் அவளுக்கே அந்தச் சத்தம் யாருடையதோ போலக் கேட்டது.

"ஒங்கள மாப்பிள விட்டாராக்கா?"

"மாமனாரு விட்டாரு."

"மாப்பிள?"

"அவரு திருவனந்தபுரத்துல இருக்காரு."

மரியஜான் மேலும் கேட்க வாயெடுத்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே சொன்னாள். "எங்க ஊருல கடலுக்குப் போய்க் காணாமப் போனவனுக்க பெண்டாட்டியள எனக்குத் தெரியும். அவளுவளுக்காவது அழுகதுக்கு ஒரு நாளு உண்டு."

வடிவாம்பாள் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

சுசீந்திரத்தில் இறங்கினால் மாமனார் கம்பும் அரிக்கன் விளக்குமாக நிற்பார். அவளைக் கண்டதும் திரும்பி நடப்பார். கால்வாய்க் கரை வழியாக அவர் முன்னே, அவள் பின்னே. மழைக்காலம் தொடங்கியிருந்தது. வரப்பெல்லாம் வழுக்கும். வழுக்குகிற இடம் வந்தால் கம்பை ஒரு தடவை ஓங்கித் தட்டுவார். அவள் பார்த்துக் கால் வைப்பாள். வீடு வரைக்கும் அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள், சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே கேட்டார்.

"இன்னைக்கி என்ன சொல்லித் தந்தாரு?"

"பிரெஞ்சுக்காரனுவளுக்க கத மாமா. சாப்பாட்டுக்கு வழியில்லாம சனமெல்லாம் எளகி, ராஜாவப் பிடிச்சு, தலைய வெட்டிப்போட்டானுவ."

அவர் நின்றுவிட்டார். "ராஜாவையா?"

"ராணியையும்."

"ராணி என்ன செய்தா?"

வடிவாம்பாள் யோசித்தாள். "அது பாடத்துல செரியா இல்ல."

"பின்ன வெட்டிருக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்சதூரம் போன பிறகு, "ராஜா இல்லாம நாட்ட யாரு பாத்துக்கிட்டா?" என்றார்.

"அவனுவளே பாத்துக்கிட்டானுவ. பொறவு ஒருத்தனுக்கொருத்தன் வெட்டினானுவ."

"பாத்தியா. நம்ம ராஜாவ ராஜப்பிரமுகர்னு ஒரு பேரக் குடுத்து மரியாதையா இருத்தியாச்சு. நம்ம ஆளுக கொள்ளாம்."

அன்று வீட்டில் அவர் ஒரு கரண்டி சோறு கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தினமும் கேட்கத் தொடங்கினார். கடல் தண்ணீர் ஏன் உப்பாயிருக்கிறது, அக்பருக்கு எத்தனை பெண்டாட்டி, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது. அவளும் பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு எதைச் சொல்லலாம் என்று எடுத்துவைத்துக்கொள்வாள். வீட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் பழையபடி ஆகிவிடுவார்கள். அவர் தொழுவத்துக்கு, அவள் அடுக்களைக்கு. பேச்செல்லாம் அந்த வரப்பில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு இல்லாத நாள், சாயங்காலம் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கும் தெருவுக்கும் இரண்டு மூன்று தடவை நடந்துவிட்டுச் சட்டையைக் கழற்றி வைப்பதை அவள் பார்த்தாள். நாளைக்கு இவரை விட்டுப் போக வேண்டிவருமே என்று அவளுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

மாசியில் கும்பப்பூ அறுப்பு வந்தது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. காலையில் களத்தில் நின்று, சாயங்காலம் வகுப்புக்கு ஓடினாள். கதிர்த்தூசு கழுத்தெல்லாம் அரிக்கும். அதோடு உட்கார்ந்துதான் அல்ஜீப்ரா போட்டாள். இப்போது கொஞ்சம் வந்தது.

களத்தில் சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. கைலாசநாத பிள்ளை கதிர் மேல் மாடுகளைச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார். அறுப்புக்காரி பூங்கனியும் மற்றப் பெண்களும் வைக்கோலை உதறினார்கள். வடிவாம்பாள் சுளவில் பதர் தூற்றிக்கொண்டிருந்தாள். அப்போது களத்து ஓரத்தில், வெளுத்த சட்டையும் குடையுமாகத் தாணுமாலயன் வந்து நின்றான். முன்நெற்றியில் முடி உதிர்ந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவள் சுளவை இறக்கவில்லை.

"அப்பா."

மாடுகள் சுற்றின.

"நாடு பிரிஞ்சு நம்ம தாலுகாவெல்லாம் தமிழ்நாட்டோட சேரப் போகுல்லா. தமிழ் ஆளுகளுக்கெல்லாம் நாகர்கோயிலுக்கு மாத்தம் வரும்னு ஆபீசுல பேசிக்கிடுகாவ. எனக்கும் வரும்."

"வரட்டும்."

"வந்தா வீடு வேணும். நம்ம வீடு இவ்வளவு பெருசு சும்ம கெடக்கு. மேக்க உள்ள ரெண்டு அறையிலயும் ஆளு இல்ல. அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வந்து இருந்துக்கிடுகேன். இவளுக்கு ஒரு கொறையும் வராம நான் பாத்துக்கிடுவேன்."

கைலாசநாத பிள்ளை மாட்டை நிறுத்தினார். அதன் வாயில் தொங்கிய வைக்கோலைப் பிடுங்கி எறிந்தார்.

"பிள்ளைக்கி என்ன பேரு?"

"அம்மைக்க பேருதான் வச்சிருக்கேன். பார்வதி."

பெண்கள் வைக்கோல் உதறுவதை நிறுத்தியிருந்தார்கள். கைலாசநாத பிள்ளை மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் மகன் மேல் இல்லை. வயலுக்கு அப்பால் எங்கோ இருந்தது.

"அந்த வீட்டுல ஒருத்தி இருக்கா" என்றார் கடைசியில். "அவ இருக்கது வர நீ அந்த வாசல்ல ஏறப்பிடாது. போ."

தாணுமாலயன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனான். மாடுகள் மறுபடி சுற்றத் தொடங்கின. நெல் எல்லாம் உதிர்ந்த பிறகும் அவர் அதே கதிரின் மேல் மாடுகளை விட்டுக்கொண்டே இருந்தார். பூங்கனிதான் பக்கத்தில் போய், "அய்யா, கதிருல ஒண்ணும் இல்ல, மாட்ட அவிக்கலாம்" என்றாள்.

வடிவாம்பாள் அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. தனக்காக ஒருவர் சொந்தப் பேத்தியையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நன்றி சொன்னால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தது போலாகும் என்றும் தோன்றியது. சோறு பரிமாறினாள்.

பங்குனி வெயிலில் பரீட்சை நடந்தது. வைகாசியில் முடிவு வந்தது. இஸ்ரவேல் சார் பத்திரிகையைப் பெஞ்சில் விரித்து வைத்து நம்பர்களை விரலால் தடவிப் பார்த்தார். வடிவாம்பாள் நம்பர் இருந்தது. மரியஜான் நம்பர் இல்லை. முத்துநாயகத்தின் நம்பர் இருந்தது. அதை எதிர்பார்த்திராத அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மரியஜான் மரப்படியில் போய் உட்கார்ந்தாள். வடிவாம்பாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கணக்குதான்க்கா. எனக்குத் தெரியும்" என்றாள் மரியஜான். "நீங்க என்னத்துக்கு மொகத்த இப்படி வச்சிருக்கீங்க? பாசானவ மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அடுத்த தடவ நான் எழுதுவேன். நீங்க போங்க. நின்னுராதீங்க, கேட்டீங்களா?"

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இஸ்ரவேல் சாரின் தங்கை வேலை பார்த்தாள். அங்கே இடம் கேட்டு வைத்திருப்பதாகவும் ஆனி பிறந்ததும் போய்ச் சேர வேண்டும் என்றும் சார் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து பாசான விஷயத்தைச் சொன்னாள். "கொள்ளாம்" என்றார் கைலாசநாத பிள்ளை. கொல்லைக்குப் போய்ப் பலா மரத்திலிருந்து பழுத்த வருக்கைச் சக்கை ஒன்றை இறக்கித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, முற்றத்தில் சாக்கை விரித்து அவரே வெட்டினார். பாலைத் துடைத்து, சுளை சுளையாகப் பிரித்துக் கொட்டை நீக்கி, ஒரு வாழையிலையில் அடுக்கி அவள் முன்னால் நகர்த்தினார். அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவர் எடுத்துக் கொடுத்ததில்லை.

"தின்னு பிள்ளே."

அவள் ஒரு சுளையை எடுத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"பாளையங்கோட்டையில இடம் கெடச்சிருக்கு மாமா. ஆனியில போகணும்."

"எத்தன நாளு?"

"ரெண்டு வருசம். அங்கயே தங்கணும்."

"பின்ன?"

"எங்க வேல கெடைக்கோ அங்க."

அவர் கத்தியைத் தேங்காய் நாரால் துடைத்தார். பால் பிசின் போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

"களத்துல அவன்கிட்ட நான் அப்படிச் சொன்னது யாருக்காவ?"

"எனக்காவத்தான்."

"அது தெரியும்லா."

"தெரியும் மாமா. ஆனா நான் அப்படிச் சொல்லுங்கன்னு கேக்கல."

சொன்ன பிறகு, இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்ப எடுக்க முடியாது.

"நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல. நீங்க இல்லேன்னா நான் பூதப்பாண்டிச் சோறுதான் தின்னுருக்கணும்." குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள். "இந்த வீட்டுல எனக்கு ஒரு பேரு இல்ல மாமா. மருமகள்னா மகன் கூட இல்ல. வேலக்காரின்னா அதுவும் இல்ல. நாளைக்கி நீங்க கண்ண மூடினா அவரு வந்து கதவத் தொறப்பாரு. நான் எந்த அறையில போய் நிப்பேன்?"

"தெக்கு வயல ஒம் பேருக்கு எழுதித் தாறேன்."

"வயலு வேண்டாம். வயலு இருந்தா மட்டும் சாயங்காலமானா நான் யார்கிட்ட பேசுவேன்?"

"இப்பம் யார்கிட்ட பேசுக?" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த சுளையை இலையில் திரும்ப வைத்தாள். அவர் எழுந்து எண்ணெய்க் கையோடு கிணற்றடிக்குப் போனார். சுளைகளில் ஈ மொய்க்கத் தொடங்கியது. அவள் இலையை மூடி உள்ளே எடுத்து வைத்தாள்.

மூன்று நாள் அவர் அவளிடம் பேசவில்லை. கோபம் இல்லை, வயலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஆனால் நடை தளர்ந்துவிட்டது. தொழுவத்துக்குப் போனால் திரும்பி வர மறந்து அங்கேயே நின்றார். மகனை உள்ளே விட்டிருந்தால் லேசாகப் போயிருப்பேனே என்று அவள் நினைத்தாள். அவருடைய நல்ல குணமே வாசலில் குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டிப் போகவும் மனம் வரவில்லை, தாண்டாமல் இருக்கவும் முடியவில்லை.

நாலாம் நாள் காலையில், மரியஜானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் பஸ் ஏறினாள்.

கரமனையில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தாழ்ந்த ஓட்டு வீடு. வாசலில் ஒருத்தி குழந்தைக்கு வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். குழந்தையின் உடம்பெல்லாம் வெயில் கட்டிகள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவரு ஆபீசுக்குப் போயி" என்றாள். பேச்சில் மலையாளம் கலந்திருந்தது.

"தெரியும். ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"வழக்குக்கா?"

"இல்ல. கொஞ்சம் வெள்ளம் தா."

அவள் பேர் சாரதா. செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும் வரை சுவரோடு சாய்ந்து நின்றாள். அழகி என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கறுத்து, கையில் சூடுபட்ட தழும்போடு இருந்தாள். இவளை வருஷக்கணக்கில் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தோமே என்று வடிவாம்பாளுக்கு அசதியாக இருந்தது.

"நான் படிக்கப் போறேன். பாளையங்கோட்டைக்கி. இனி அந்த வீட்டுல இருக்க மாட்டேன். நீங்க அங்க போயி இருக்கணும்."

சாரதா உடனே பதில் சொல்லவில்லை. குழந்தை கையை உதறி முறுக்கியது. அந்த முகவாய்க்கட்டு அப்படியே மாமியாருடையது.

"அச்சன் இவர விரட்டி விட்டாருன்னு வந்து சொன்னாரே. ஒங்களுக்கு வேண்டித்தானே விரட்டியது."

"ஆமா."

"இப்பம் நீங்க போறதுக்கு வேண்டி எங்கள வரச் சொல்லுது."

"ஆமா" என்றாள் வடிவாம்பாள். "அங்க ஒரு மனுசன் ஒத்தைக்கி இருப்பாரு. நான் போனா ஒரு வேளக் கஞ்சி வைக்க ஆளு இல்ல. ஒனக்குப் புண்ணியம்னு சொல்ல வரல. எனக்காவத்தான் கேக்கேன்."

சாரதா குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். "என்ன வீட்டுல ஏத்துவாரா? எனக்குப் பேடி, பயமாக்கும்."

"நீயும் பிள்ளையும் முதல்ல வாங்க. அவரு பொறவு வரட்டும். கதவத் தொறக்க நான் நிக்கேன்."

"ஒங்களுக்கு எங்கிட்ட தேஷ்யம், கோவம் ஒண்ணும் இல்லியா?"

வடிவாம்பாள் செம்பைக் கீழே வைத்தாள். "இருந்தது. இப்பம் அத வச்சுக்கிட்டு இருக்க நேரம் இல்ல" என்றாள். அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். கொடியில் கிடந்த வேட்டி யாருடையது என்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

ஆனி பிறப்பதற்கு முந்தின நாள் சாரதா வந்தாள். வடிவாம்பாள் சுசீந்திரம் போய்க் கூட்டி வந்தாள். அடுத்த போகமான கன்னிப்பூ வயலில் களைபறிப்பைப் பார்த்துவிட்டு மாமனார் கால் சேற்றோடு முற்றத்துக்கு வந்தபோது, சாரதா கிணற்றடியில் பயந்து நின்றாள். குழந்தை முற்றத்தில் காய்ந்த நெல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தது.

அவர் குழந்தையைப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். வாசலில் நின்ற வடிவாம்பாளைப் பார்த்தார்.

"நீ கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா மாமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"நீ போறதுக்கு வழி பாத்தாச்சு."

"ஆமா."

அவர் சேற்றுக் காலோடு நெல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழந்தை ஒரு பிடி நெல்லை அவர் பக்கம் நீட்டியது. அவர் வாங்கவில்லை. குழந்தை கையை நீட்டியபடியே இருந்தது. வெகுநேரம் கழித்து உள்ளங்கையை விரித்தார். நெல் கொஞ்சம் கையிலும் கொஞ்சம் தரையிலும் விழுந்தது.

"காலக் கழுவிட்டு உள்ள போகச் சொல்லு" என்றார் யாரையும் பார்க்காமல். வடிவாம்பாள் கிணற்றடிக்குப் போய்ச் சாரதாவுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

மறுநாள் காலையில் பூங்கனி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். மாமனார் தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். வடிவாம்பாள் தொழுவத்து வாசலில் நின்றாள்.

"போய்ட்டு வாறேன் மாமா."

"அங்க சம்பாச் சோறு கெடைக்காது."

"கெடைக்காதுதான்."

"லீவு உண்டா?"

"கிறிஸ்மஸுக்கு உண்டு."

"கும்பப்பூ அறுப்புக்கு?"

"அப்பம் இருக்காது மாமா. படிப்பு இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பசுவின் கழுத்தைத் தடவினார். உள்ளே குழந்தை எதற்கோ அழத் தொடங்கியது. சாரதா மலையாளத்தில் சமாதானம் சொன்னாள்.

"வீடு நெறைய ஆளாயாச்சு" என்றார் கைலாசநாத பிள்ளை. "ஒருத்தர்கிட்டயும் எனக்குப் பேசத் தெரியாது பிள்ளே."

அவர் திரும்பவில்லை. காலில் விழுந்து கும்பிட வேண்டும் என்று நினைத்தாள். விழுந்தால் எழுந்திருக்க முடியாமல் போகும் என்று தோன்றியது. அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, பூங்கனிக்குப் பின்னால் நடந்தாள்.

பாளையங்கோட்டையில் வெயில் சாயும் நேரத்தில் வந்து இறங்கினாள். செம்மண் பூமி. எங்கு பார்த்தாலும் உடைமரமும் பனையும். விடுதியில் அவளுக்கென்று காட்டிய நீளமான அறையில் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியோடு இவள் வாசலில் வந்து நின்றதும் பேச்சு நின்றது. எல்லோரும் மளமளவென்று எழுந்து நின்றார்கள். ஒருத்தி பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடி, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

வடிவாம்பாளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"டீச்சர் இல்ல மக்களே" என்றாள். "நானும் படிக்கத்தான் வந்துருக்கேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து ஜன்னலோரம் இருந்தவள் மட்டும் தன் பாயைச் சுருட்டி ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டாள். சுவருக்கும் பாய்க்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் வந்தது. வடிவாம்பாள் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தாள்.